உடம்பின் படைக்கே பிரேக் போடும் செல்கள்... உத்தரவு போடுவது யார்?

கிருமிகளோடு சண்டை போடுவதுதான் நோய் எதிர்ப்பு சக்தியின் வேலை. ஆனால், அந்தச் சண்டையை நிறுத்தத் தெரியாவிட்டால்? நம்ம உடம்பையே தாக்க ஆரம்பித்துவிடும். டைப் 1 சர்க்கரை நோயும் முடக்குவாதமும் இப்படி வருபவைதான்.

இதைத் தடுக்கும் காவலர்கள்தான் 'ரெகுலேட்டரி டி செல்கள்'. சுருக்கமாக டி-ரெக். இவை குறித்த கண்டுபிடிப்புகளுக்காகத்தான் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரன்கோவ், ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எங்கே உருவாகின்றன?

ஒரு பகுதி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியிலேயே உருவாகிறது. மற்றவை, இன்னும் எந்த வேலைக்கும் போகாத சாதாரண டி செல்களில் இருந்து குடல் போன்ற இடங்களில் உருவாகின்றன. இரண்டுக்குமே 'ஃபாக்ஸ்பி3' என்ற ஜீன் 'ஆன்' ஆக வேண்டும். இந்த ஜீன் பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு 'ஐபெக்ஸ்' என்ற கடுமையான நோய் வரும் என்பது 2001-ல் தெரியவந்தது.

ஸ்விட்ச் போடுவது யார்?

செல்கள் ஒன்றோடொன்று பேச அனுப்பும் புரதங்களுக்கு 'சைட்டோகைன்' என்று பெயர். டிஜிஎஃப்-பீட்டா, ஐஎல்-2 என்ற இரண்டு சைட்டோகைன்களும் சேர்ந்து வந்தால், சாதாரண டி செல்லில் ஃபாக்ஸ்பி3 ஆன் ஆகும். காவலர் ரெடி!

இதுல என்ன ட்விஸ்ட்?

அதே டிஜிஎஃப்-பீட்டாவோடு ஐஎல்-6 சேர்ந்து வந்தால் கதையே மாறிடும். அதே செல், வீக்கத்தைத் தூண்டும் 'டிஎச்17' என்ற போராளி செல்லாகிவிடும். எலிகளில் நடந்த ஆய்வுகள் இதை 2006-ல் காட்டின.

தொற்று வரும்போது ஐஎல்-6 எகிறுவது சகஜம். அப்போ உடம்புக்குத் தேவை போராளிகள்தான். தொற்று போன பிறகும் ஐஎல்-6 குறையாமல் இருந்தால்தான் சிக்கல்.

சிகிச்சைக்கு உதவுமா?

உதவுகிறது. ஐஎல்-6 சிக்னலைத் தடுக்கும் 'டோசிலிசுமாப்' மருந்து முடக்குவாதத்துக்கு ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. குறைந்த அளவு ஐஎல்-2 கொடுத்து டி-ரெக் செல்களைப் பெருக்கும் முயற்சிகளும் பரிசோதனையில் உள்ளன.

அதுக்காக டி-ரெக் அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். பல புற்றுநோய்க் கட்டிகள் இந்தக் காவலர்களைத் தன் பக்கம் இழுத்து, எதிர்ப்பு சக்தியிடம் இருந்து தப்பிக்கின்றன. 'இம்யூனிட்டியை ஏத்தணும்' என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: உடம்புக்கு ஆக்சிலேட்டரும் வேணும், பிரேக்கும் வேணும்.