ஆட்டம் ஆடலாம், ஆட்டம் போடக் கூடாது

அத்தியாயம் 9

சென்ற வாரம், கொலராடோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னியை நிருபர்கள் சூழ்ந்துகொண்ட இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1990 அக்டோபர் 6, மிசூரி பல்கலைக்கழக மைதானம். வந்திருந்த கொலராடோ அணிக்கு விதிப்படி நான்கு முயற்சிகள்தான். நடுவர்கள் எண்ணிக்கையில் கோட்டை விட்டார்கள். ஐந்தாவது முயற்சியில், நேரம் முடிகிற கணத்தில், பந்து இலக்குக் கோட்டைத் தாண்டியது. 33-31, கொலராடோ வெற்றி. நிருபர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். 1940-ல் இதே மாதிரி ஐந்தாம் முயற்சியில் டார்ட்மவுத்தை ஜெயித்த கார்னெல், படச்சுருளைப் போட்டுப் பார்த்துவிட்டு, தந்தி அடித்து வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. நீங்கள் கொடுப்பீர்களா?

மெக்கார்ட்னி கொடுக்கவில்லை.

மைதானம் வழுக்கியது, இப்படிப்பட்ட தரையில் எப்படி ஆடுவது என்று அவர் எதிர்ப்புகார் வாசித்தார். இத்தனைக்கும் மனிதர் மிசூரியில் படித்தவர், அதே அணிக்கு ஆடியவர். நடுவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஸ்கோர் அப்படியே நின்றது. அந்த வெற்றிக்காக மெக்கார்ட்னி வருத்தம் தெரிவிக்க எட்டு ஆண்டுகள் ஆயின.

இனி 1991 ஜனவரி 1-க்கு வருவோம். கல்லூரிக் கால்பந்தில் புத்தாண்டு நாள் என்பது பெரிய ‘பவுல்’ ஆட்டங்களின் நாள். காலையிலிருந்து இரவு வரை அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி அணையாது. அன்று டல்லஸ் நகரின் காட்டன் பவுலில் மயாமியும் டெக்சஸும் மோதின. டெக்சஸுக்கு இது சொந்த மாநிலம், சொந்தக் கூட்டம். பந்தயத்துக்கு முன்பு தரவரிசையில் டெக்சஸ்தான் ஒரு படி மேலே இருந்தது.

மயாமி அவர்களைத் துவைத்துக் காயப்போட்டது. 46-3.

ஆனால் அன்று மயாமி வாங்கிய அபராதத்தின் மொத்தம் 202 கெஜம்! நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் முன்னேறினால்தான் பந்து நம்மிடம் தங்கும் என்கிற விளையாட்டில், 202 கெஜத்தைப் பின்னுக்குக் கொடுத்தும் 43 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பது எப்பேர்ப்பட்ட திமிர் என்று யோசித்துப் பாருங்கள். உச்சக்கட்டம் ரேண்டல் ஹில். 48 கெஜப் பந்தைப் பிடித்து டச்டவுன் அடித்தவர், கோட்டைத் தாண்டியதும் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தார். மைதானத்தை விட்டு வெளியேறி, வீரர்கள் வந்துபோகும் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, சரிவில் ஏறினார். அங்கிருந்து திரும்பி, இரண்டு கைகளையும் துப்பாக்கிகளாக்கி, கௌபாய் மண்ணின் பிள்ளைகளைச் ‘சுட்டுக்கொண்டே’ இறங்கி வந்தார். பெரியவர்கள் பலர் அன்று டிவி முன்னால் பல்லைக் கடித்தார்கள். நான் அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துவிடுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று இரவே இன்னொரு மைதானத்தில், ஆரஞ்சு பவுலில், மெக்கார்ட்னியின் கொலராடோ நாட்டர்டேமை 10-9 என்று வென்றது. பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பு கொலராடோவைத் தேசிய சாம்பியன் என்றது. பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு ஜார்ஜியா டெக்கைத் தேர்ந்தெடுத்தது. பட்டம் இரண்டாகப் பிரிந்தது. அந்த ஆரஞ்சு பவுல் இருந்த ஊர் எது தெரியுமா? மயாமி. மயாமி அணியான ஹரிக்கேன்களுக்கு அன்று சொந்த மைதானமே அதுதான்.

ஆக, ஒரே நாள். தனக்கு உரிமையில்லாத வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அணி பட்டத்தோடு வீடு திரும்பியது. நேர்மையாக ஜெயித்துவிட்டுக் கூத்தடித்த அணிக்காகப் புதுச் சட்டம் எழுதப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அதே ஆண்டு கொண்டாட்டங்களுக்கு எதிரான விதியை இறுக்கியது. கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும் செய்கைக்கு 15 கெஜம் அபராதம். ஊர் அதற்கு வைத்த பெயர் ‘மயாமி விதி’. ஐந்தாம் முயற்சியில் கிடைத்த வெற்றியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று அன்றும் யாரும் விதி எழுதவில்லை.

மயாமி மீது இந்தக் கோபம் ஒரே நாளில் மூண்டதல்ல. நான்கு ஆண்டு பின்னால் போக வேண்டும். 1987 ஜனவரி 2, அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல். மயாமிக்கு எதிரே பென் ஸ்டேட். தோற்காத இரண்டு அணிகள். ஒருபக்கம் பயிற்சியாளர் ஜோ பேட்டர்னோவின் பையன்கள், சட்டையில் பெயர்கூட எழுதாமல், தலைகுனிந்து ஆடுபவர்கள். மறுபக்கம் மயாமி பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் படை. விமானத்திலிருந்து ராணுவச் சீருடையில் இறங்கிய படை! பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும், தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் யுத்தம் என்று எழுதித் தள்ளின.

ஆட்டத்துக்கு முன் இரு அணிகளுக்கும் ஒரு விருந்து. மேடையில் இரண்டு பக்கமும் கேலி நாடகம் போட்டார்கள். மயாமியின் தடுப்பு வீரர் ஜெரோம் பிரவுன் எழுந்தார். பேர்ல் துறைமுகத்தில் குண்டு போடுவதற்கு முன்னால் ஜப்பான்காரன் அமெரிக்கர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டானா என்று கேட்டார். அணி முழுவதும் அவர் பின்னால் வெளியேறியது. இது எல்லோரும் சொல்லும் கதை. பலரும் சொல்லாமல் விடும் துண்டு ஒன்று உண்டு. அதற்கு முன்பே பென் ஸ்டேட் தரப்பிலிருந்து ஒரு நகைச்சுவை வந்திருந்தது: கறுப்பின வீரர்களையும் வாரத்துக்கு ஒருமுறை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட விடுகிறோம் என்கிற தினுசில். மயாமி வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள், பலர் மயாமியின் லிபர்ட்டி சிட்டி போன்ற ஏழைப் பகுதிகளில் வளர்ந்தவர்கள். சீருடை நினைவில் நிற்கிறது, அந்த நகைச்சுவை நிற்கவில்லை. ‘பண்பு’ என்று இந்த விளையாட்டில் பேசியவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆட்டத்தில் தர்மமே வென்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மயாமியின் வின்னி டெஸ்டாவெர்டே ஐந்து முறை பந்தை எதிரணியிடம் வீச, பென் ஸ்டேட் 14-10 என்று ஜெயித்தது. அதுவரை எந்தக் கல்லூரி ஆட்டத்துக்கும் இத்தனை வீடுகளில் டிவி ஓடியதில்லை. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒளிபரப்பில் என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த ஏகபோகத்தை உடைத்ததும், திரையில் ஆட்டங்கள் குவியத் தொடங்கியிருந்தன. ஹெல்மெட்டுக்குள் மறைந்திருந்த பையனுக்கு, கோட்டைத் தாண்டிய சில விநாடிகளில் மட்டும் கேமரா கிட்டே வந்தது. 1969-லேயே ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் எல்மோ ரைட் முழங்காலை உயர்த்தி உயர்த்தி ஓடிக் காட்டியவர்தான். ஆனால் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. மயாமியை நாடே பார்த்தது.

சரி, விதி வந்துவிட்டது. அமல்படுத்துவது யார்? அபராதக் கொடியான மஞ்சள் துணியை இடுப்பில் சொருகி நிற்கும் நடுவர். ஒரு பையன் மகிழ்ச்சியில் குதிக்கிறானா, கேமராவுக்காகக் குதிக்கிறானா என்பதை அவர் கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும்.

இதன் விசித்திரம் 1995-ல் வெடித்தது. அந்த ஆண்டு என்.சி.ஏ.ஏ. கெடுபிடியைக் கூட்டி, எதெல்லாம் குற்றம் என்று ஒரு வீடியோவே தயாரித்துக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. டச்டவுன் அடித்தபின் மண்டியிடுவதும் அதில் சிக்கியது. வர்ஜீனியாவில் மதபோதகர் ஜெர்ரி ஃபால்வெல் நிறுவிய லிபர்ட்டி பல்கலைக்கழகம் கொதித்தது. எங்கள் பிள்ளைகள் ஆண்டவருக்கு நன்றி சொல்வது அபராதமா? 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். ஆம், கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கிப் பெற்ற அதே சட்டம்தான். என்.சி.ஏ.ஏ. மளமளவென்று இறங்கிவந்தது. தன்னிச்சையாக எழும் பிரார்த்தனை குற்றமில்லை, கவனத்தை ஈர்க்கும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்று விளக்கம் தந்தது. வழக்கு வாபஸ் ஆனது. மண்டியிட்டவன் தப்பித்தான். ஆடியவனுக்காக வழக்குப் போட எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளை வேகமாகத் தாண்டலாம். கொடி பறக்கும், பயிற்சியாளர் கத்துவார், பையன் தலைகுனிவான். அதில் புதிதாக ஒன்றுமில்லை. நிற்க வேண்டிய இடம் 2007 அக்டோபர் 27, ஜாக்சன்வில். ஜார்ஜியா அணி ஃபுளோரிடாவிடம் முந்தைய 17 ஆட்டங்களில் 15-ல் தோற்றிருந்தது. ஜார்ஜியாவின் பயிற்சியாளர் மார்க் ரிக்ட் பக்திமான், குரல் உயர்த்தாதவர் என்று பெயரெடுத்தவர். அவர் தன் வீரர்களிடம் சொன்னார்: முதல் டச்டவுனுக்குப் பிறகு நீங்கள் கொண்டாடி அபராதம் வாங்கியே ஆக வேண்டும்!

களத்தில் இருக்கும் பதினொரு பேர் குதிப்பார்கள் என்று அவர் நினைத்திருந்தார். நோஷான் மொரேனோ கோட்டைத் தாண்டியதும் பெஞ்சில் இருந்த மொத்தப் படையும் உள்ளே பாய்ந்தது. கொடிகள் பறந்தன. ஜார்ஜியா 42-30 என்று வென்றது. ரிக்ட் பிற்பாடு மன்னிப்புக் கடிதமும் எழுதினார். எதிரணிப் பயிற்சியாளர் அர்பன் மேயர் அந்தக் கொண்டாட்டத்தை மறக்கவில்லை. மறுவருடம் 49-10 என்று ஜெயித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் இடைவேளை கேட்டுக் கேட்டு, ஜார்ஜியாவை மைதானத்திலேயே நிற்க வைத்தார். அதற்கு அபராதம் கிடையாது. விதிப்படி அது சுத்தமான ஆட்டம்.

அந்த 2008 பருவத்தின் தொடக்கத்தில், செப்டம்பர் 6 அன்று, நாட்டின் மறுகோடியில், சியாட்டில் ஏரிக்கரை மைதானத்தில் வாஷிங்டன் அணி பிரிகம் யங் பல்கலைக்கழகத்திடம் ஏழு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நொடிகள். வாஷிங்டனின் ஜேக் லாக்கர் அந்த மாநிலத்துப் பையன், வம்பு தும்புக்குப் போகாதவர். பந்தை அணைத்தபடி மூன்று கெஜம் முட்டிமோதிக் கோட்டுக்குள் விழுந்தார். டச்டவுன்! 28-27. கடிகாரத்தில் இரண்டு விநாடி. கம்பங்களுக்கு நடுவே ஓர் எளிய உதை போதும், ஒரு புள்ளி கிடைக்கும், ஆட்டம் சமனாகும்.

எழுந்த லாக்கர் கையிலிருந்த பந்தைத் தோளுக்கு மேலே வீசி எறிந்துவிட்டு, ஓடிப்போய்த் தோழர்களைக் கட்டிக்கொண்டார்.

அவர் யாரையும் சுடவில்லை, ஆடவில்லை, எதிரணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பந்தை உயரே எறிவது விதிப்புத்தகத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட குற்றம். பந்து தரைக்கு வந்து சேர்வதற்குள் நடுவரின் கை இடுப்பில் சொருகியிருந்த மஞ்சள் துணிக்குப் போய்விட்டது. 15 கெஜம். இருபது கெஜத்திலிருந்து எளிதாக அடித்திருக்க வேண்டிய உதை இப்போது முப்பத்தைந்து கெஜம். அரங்கம் ஊளையிட, உதைப்பவர் ரயன் பெர்கின்ஸ் பின்னால் நகர்ந்து நகர்ந்து தன் அடிகளை அளந்தார். எதிரே பிரிகம் யங்கின் தடுப்பு வரிசை கைகளைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தது.

பந்து பின்னோக்கி வந்தது. பெர்கின்ஸ் காலை வீசினார்.

(அடுத்த வாரம்)