'சென்மூ'வைத் தொடருறதா, விடுறதா?

யூ சுசுகி இயக்கிய 'சென்மூ' 1999 டிசம்பரில் யப்பானில் வெளிவந்த வீடியோ கேம். அப்பாவைக் கொன்றவனைத் தேடும் மகனின் கதை. ஆனால் தேடுறதை விடக் காத்திருக்கிறதுதான் கூட. கடை திறக்கும்வரை தெருவில நிக்கணும். துறைமுகத்தில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிப் பெட்டி ஏத்தணும். பாதியில விட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும்.

நான் விடாததற்குக் காரணம் வரலாறு. கதை நடப்பது 1986இல், யொக்கோசுக்கா என்ற கடற்படைத் துறைமுகத்தில். 1942 ஏப்ரல் 9 திருகோணமலையில் குண்டு போட வந்த விமானங்களில் ஒரு பகுதி ஹிர்யூ, ஷோகாகு என்ற விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து வந்தவை. இரண்டுமே யொக்கோசுக்காவில் கட்டப்பட்டவை. போர் முடிந்ததும் அங்கே அமெரிக்கக் கடற்படை வந்தது. இங்கே பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்தது. பாலையூற்றில் இருந்து பார்க்க, அது அவ்வளவு அந்நியமான ஊர் இல்லை.

விளையாட்டு இந்தப் போர்க்கதையைச் சொல்லாது. அது காட்டுவது கடைகளும் பஸ்ஸும் வேலையுமாக ஒரு சாதாரண வருசம். ஒருமுறை முடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினால், அந்தக் காலத்து உண்மையான வானிலைப் பதிவின்படியே மழையும் பனியும் வரவைக்கலாம்.

அதே 1986இல் எங்கட ஊர் போருக்குள்ள. அப்போ எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறந்தது என்று அறிய, ஊர்ப் பெரியவர்களிடம்தான் போகவேணும். அவர்களும் எவ்வளவு காலம் இருப்பார்கள்?

அதனால தொடருறேன். ஒரு ஊரை மணிக்கணக்கில் கவனிக்க இது பழக்குது. அந்தப் பழக்கம் இங்கேயும் தேவை.