வால்தெல்லினா

இத்தாலியின் லொம்பார்டியில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி, அத்தா ஆறு கோமோ ஏரியில் சேரும்வரை நீளும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு. பெரும்பகுதி கிழக்கு மேற்காகக் கிடப்பதால் வடகரைச் சரிவில் நாளெல்லாம் வெயில் விழும். அங்கே சாந்தில்லாமல் கல் அடுக்கிப் படிப்படியாகக் கட்டிய திட்டுகளில் நெபியோலோ திராட்சை விளைகிறது. உள்ளூரில் அதன் பெயர் கியாவென்னாஸ்கா. மண்ணைப் பல இடங்களில் மனிதரே முதுகில் சுமந்து ஏற்றினார்கள் என்பதைச் சுவர்களைப் பார்த்தால் நம்பலாம்.

தலைநகர் சோந்திரியோ. மேலே வெந்நீரூற்றுக்குப் பெயர்பெற்ற போர்மியோ. திரானோவிலிருந்து புறப்படும் பெர்னினா ரயில்பாதை 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 1987 ஜூலை 28 அன்று போலா மலைச்சரிவு இடிந்து சாந்தந்தோனியோ மொரிஞோனே ஊரைப் புதைத்தது.