பான் கார்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா? மீண்டும் விண்ணப்பிக்கும் முன் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதனால் பான் கார்டு நமக்கு எதற்கு என்று பல விவசாயிகள் கேட்பதுண்டு. ஆனால் வங்கியில் வைப்புத்தொகை போடுவது, பெரிய தொகைக்கு நிலம் வாங்குவது விற்பது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இயக்குநராகச் சேர்வது போன்ற வேலைகளில் பான் எண் கேட்கப்படுகிறது. வைப்புத்தொகை வட்டிக்கு வரி பிடிக்கும் நிலை வந்தால், பான் இருப்பவருக்கு 10 சதவீதம். இல்லாதவருக்கு 20 சதவீதம். வருமானம் குறைவு, வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் எழுதிக் கொடுக்கும் படிவமும் பான் எண் இல்லாமல் செல்லாது.

பான் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்ற பயம் தேவையில்லை. பிஎம் கிசான் திட்டத்தில் வருமான வரி செலுத்தியவர்களுக்குத்தான் உதவித்தொகை கிடையாது. பான் கார்டு வைத்திருப்பதால் மட்டும் அந்தத் தொகை நின்றுவிடாது.

முதலில் காரணத்தைப் பாருங்கள்

விதை முளைக்கவில்லை என்றால் காரணம் தெரியாமல் அதே விதையை மறுபடி விதைப்பதில்லை. விண்ணப்பமும் அப்படித்தான். ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைக் கொண்டு இணையதளத்தில் நிலையைப் பாருங்கள், அல்லது விண்ணப்பித்த மையத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று இருக்கும்.

1. ஆவணக் குறையால் நிறுத்தி வைக்கப்பட்டது: இது நிராகரிப்பு அல்ல. கேட்ட ஆவணத்தை அதே ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பினால் போதும். புதிய விண்ணப்பமும் புதிய கட்டணமும் வேண்டாம்.

2. ஏற்கெனவே பான் எண் உள்ளது: முன்பு எப்போதோ உங்கள் பெயரில் பான் எடுக்கப்பட்டிருக்கலாம். இந்த நிலையில் புதிதாக விண்ணப்பிக்கவே கூடாது. ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பழைய எண்ணுக்கே மறுபதிப்பு அல்லது திருத்தம் கோருங்கள்.

3. நிராகரிக்கப்பட்டது: காரணத்தைச் சரிசெய்த பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம்.

நம் பகுதியில் அதிகம் நடக்கும் தவறுகள்

தலைப்பெழுத்து: பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை மட்டும் எழுத முடியாது, விரித்து எழுத வேண்டும். உதாரணமாக, கு. மாரிமுத்து என்பவரின் தந்தை குப்புசாமி என்றால், கடைசிப் பெயர் கட்டத்தில் குப்புசாமி, முதல் பெயர் கட்டத்தில் மாரிமுத்து என்று எழுத வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்ற இரண்டையும் காலியாக விடலாம்.

ஆதாருடன் பொருந்தாமை: ஆதாரில் தலைப்பெழுத்துடனும் விண்ணப்பத்தில் விரித்தும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் நின்றுவிடும். முதலில் ஆதார் சேவை மையத்தில் பெயரை விரித்துத் திருத்திக்கொள்வது நல்லது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எனவே ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள்.

பிறந்த தேதி: வயதில் மூத்தவர்கள் பலரின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கும். பானுக்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் உள்ள தேதியும் ஆதாரில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

திருமணமான பெண்கள்: தந்தை பெயர் கேட்கும் இடத்தில் கணவர் பெயரை எழுதுவது அடிக்கடி நடக்கிறது. ஆதாரில் கணவர் பெயர் இருந்தாலும், அந்தக் கட்டத்தில் தந்தை பெயரைத்தான் எழுத வேண்டும். தாய் மட்டுமே வளர்த்தவர்கள் தாய் பெயரைத் தருவதற்குத் தனி இடம் உண்டு.

கையெழுத்தும் கைரேகையும்: கையெழுத்து கட்டத்துக்குள் அடங்க வேண்டும். இடப்பக்கப் புகைப்படத்தின் மீது பாதி, தாளின் மீது பாதி வரும்படி கையெழுத்திட வேண்டும். வலப்பக்கப் படத்தின் மீது எதுவும் எழுதக் கூடாது. கைநாட்டு வைப்பவர்கள் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, நோட்டரி, மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரியிடம் முத்திரையுடன் சான்றொப்பம் பெற வேண்டும். இது இல்லாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது.

தாமதம்: இணையத்தில் பதிந்து தாள்களைத் தபாலில் அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுத்தால், 15 நாட்களுக்குள் அவை போய்ச் சேர வேண்டும். அறுவடை வேலையில் மறந்துவிடாதீர்கள்.

மீண்டும் விண்ணப்பிக்க இரண்டு வழிகள்

உடனடி இ-பான்: இதுவரை பான் எடுக்காதவர், வயது வந்தவர், ஆதாரில் முழுப் பிறந்த தேதி உள்ளவர், ஆதாருடன் கைபேசி எண் இணைத்தவர் என்றால் வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் இணையதளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். ஆதார் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியைப் பதிந்தால் போதும். புகைப்படமும் தாள்களும் தேவையில்லை. ஆதாரில் உள்ள பெயரே பானில் வரும் என்பதால் முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். இ-பானும் அட்டையைப் போலவே எல்லா இடத்திலும் செல்லும். கைபேசி எண் மாறியிருந்தால், ஆதார் மையத்தில் விரல்ரேகை வைத்துப் புதிய எண்ணை இணைக்கலாம். அதற்கு வேறு ஆவணம் வேண்டாம்.

அட்டையுடன் விண்ணப்பிப்பது: புரோட்டீன் அல்லது யுடிஐஐடிஎஸ்எல் நிறுவனத்தின் பான் மையம் வழியாகவோ, ஊரில் உள்ள பொது சேவை மையம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். அச்சிட்ட அட்டை வீட்டுக்கு வர அரசுக் கட்டணம் 107 ரூபாய். மையத்தின் சேவைக் கட்டணத்தைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ரசீது வாங்குங்கள்.

எச்சரிக்கை

முந்தைய விண்ணப்பத்தின் நிலை தெரியாமல் இரண்டு மையங்களில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்காதபோது யாராவது ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். ஆதார் நகலில் 'பான் விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதியிட்டுக் கொடுங்கள்.

பான் வரும்வரை வங்கி வேலை நிற்க வேண்டியதில்லை. பான் இல்லாதவர்கள் தரும் உறுதிமொழிப் படிவத்தை ஏற்கும் பரிவர்த்தனைகள் பல உண்டு. எவை என்று கிளை மேலாளரிடம் கேளுங்கள். பான் வந்த அன்றே அந்த எண்ணை வங்கிக் கணக்கில் பதிந்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டை அட்டை கைக்கு வரும்வரை பட்டா, சிட்டாவுடன் சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள்.