வலைக்குத் தப்பிய கடற்பயிர்

கரையை விட்டு நெடுந்தொலைவிலுள்ள கருநீலக் கடலைப் பாலைநிலத்துக்கு ஒப்பிடுவது கடலாராய்ச்சியாளரின் பழைய வழக்கம். ஆறுகள் சுமந்துவரும் உரம் அங்கே எட்டுவதில்லை. ஆழத்து உப்புக்கள் மேலெழுவதும் அரிது. ஆகவே அந்நீரில் உயிரும் அரிதாகவே இருக்கும் என்று கருதினர்.

அக்கருத்துக்கு வலுவூட்டியவர் ஜெர்மனியின் கீல் நகரத்து அறிஞர் விக்டர் ஹென்சன். மா அரிக்கும் பட்டுத்துணியால் வலை தைத்து, 1889 ஆம் ஆண்டில் அவர் அத்திலாந்திக்குச் சமுத்திரத்திற் பயணஞ் செய்தார். குளிர்நாட்டுக் கடல்களிலே வலை நிறைந்தது. வெப்பக் கடல்களிலோ அதிற் சிக்கியது சொற்பம். அளவை பிழையன்று, ஆனால் வலையின் கண்ணினும் சிறியவை அக்கணக்கிற் சேரவில்லை. பின்னர் ஹான்ஸ் லோமன் என்பார், கடலில் மிதக்கும் ஒரு சிற்றுயிர் தனக்கு உணவு வடிக்கக் கட்டிக்கொள்ளும் மெல்லிய கூட்டை ஆராய்ந்தபோது, பட்டுவலைக்கு அகப்படாத நுண்பயிர்கள் அதனுள் மலிந்திருக்கக் கண்டார். மனிதன் தைத்த வலையினும் அப்பிராணி கட்டிய வலை நுண்ணியதாயிருந்தது.

அதற்கும் அகப்படாத சிறுமை இன்னும் இருந்தது. 1977 இல் ஜோன் வாற்றர்பரி என்னும் அமெரிக்க விஞ்ஞானி, இலங்கைக்கு மேற்கே அராபியக் கடலிற் சென்ற ஆராய்ச்சிக் கப்பலில், கடல்நீரை ஒளிர்வு நுணுக்குக்காட்டியால் நோக்கினார். சாயம் எதுவும் இடாமலே செம்மஞ்சளாய் ஒளிரும் நுண்கலங்கள் தோன்றின. சினெக்கோகொக்கசு என்னும் அந்நுண்ணங்கி, சூரிய ஒளியால் உணவாக்கும் பற்றீரிய இனத்தது. இதனிற் சிறிய பயிர் கடலில் இராது என்று அன்று எவரேனும் கூறியிருந்தால் மறுத்திருப்போர் சிலரே.

மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1976 முதற் பணியாற்றிய சாலி சிசம் அம்மையாரும் அவருடன் ஆராய்ந்த றொபேட் ஒல்சனும் புதியதொரு கருவியைக் கடலுக்குக் கொண்டுசென்றனர். குருதிக் கலங்கள் முதலியவற்றை ஆராய மருத்துவ ஆய்வுகூடங்களிற் பயன்பட்ட கருவி அது. நீரை மயிரிழை போன்ற தாரையாக ஓடவிட்டு, அதிற் செல்லும் ஒவ்வொரு துணிக்கை மீதும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறும் ஒளியையும் அதன் பச்சையம் உமிழும் செவ்வொளியையும் அளப்பது. 1985 ஆம் ஆண்டளவில், அக்கருவி காட்டிய புள்ளிகளின் அடிவிளிம்பிலே ஒரு மங்கலான திரள் தென்பட்டது. வானொலிப் பெட்டியில் இரு நிலையங்களுக்கிடையே எழும் கரகரப்பைப் போல, கருவியின் மின்குழப்பமே அது என்று முதலில் எண்ணினர். தள்ளிவிட்டிருப்பின் குறைகூறுவாரும் இரார்.

ஆனால் மின்குழப்பம் எந்த நீரிலும் ஒரே தன்மையாயிருத்தல் வேண்டும். இதுவோ ஆழத்துக்கேற்ப மாறிற்று. ஒளி குன்றிய ஆழத்தில் எடுத்த நீரிலே தெளிவாகவும், மேல்நீரில் மறைந்தும் காணப்பட்டது. ஒளி குறைந்தவிடத்துப் பயிர் தன் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்ளும் என்பது அறிந்ததே. ஆகவே அக்கரகரப்பு உயிருள்ளது என்பது புலனாயிற்று.

வேறிடங்களிற் கிடந்த துப்புக்களும் அப்பொழுது பொருள்பெற்றன. 1979 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் படங்களில் இத்தகைய கலங்கள் பதிந்திருந்தன. 1983 இல் ஒல்லாந்து விஞ்ஞானிகள் இருவர், உரியவர் இன்னாரென்று தெரியாத ஒருவகைப் பச்சையத்தைக் கடல்நீரிற் கண்டிருந்தனர். கலத்தைக் கண்டவர் நிறத்தை அறியார். நிறத்தைக் கண்டவர் கலத்தை அறியார். 1988 இல் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. 1992 இல் புரோக்குளோரோகொக்கசு என்னும் பெயர் சூட்டப்பட்டது.

ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இக்கலங்கள் ஏறக்குறைய 1,600 ஐ வரிசையாக அடுக்கலாம். கடல்நீரின் ஒரு மில்லிலீற்றரில் 1,00,000 கலங்கள் இருத்தல் சாதாரணம். பூமத்திய கோட்டின் இருபுறமும் 40 பாகை வரை, இலங்கையைச் சூழ்ந்த சமுத்திரம் உட்பட, இவை பரந்துள்ளன. உலகின் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதி கடலிலேயே நிகழ்கின்றது. வெப்பக் கடல்களில் அதன் பெரும்பங்கு இவற்றுக்குரியது. பாலை எனப்பட்டவிடத்தில் உலகிலேயே தொகையால் மிகுந்த பயிர் விளைந்துகொண்டிருந்தது.

இப்பயிர் தனித்து வாழ வல்லதுமன்று. வெயில்பட்ட கடல்நீரில் உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டு என்னும் நஞ்சை அழிக்கும் நொதியம் இதனிடத்து இல்லை. அயலிலுள்ள பிற பற்றீரியாக்களே அந்நஞ்சைச் சிதைத்து இதனைக் காக்கின்றன. இது கசியவிடும் சேதனப் பொருள்களை அவை உண்கின்றன. ஆய்வுகூடக் குடுவையில் தனித்து வளர்த்தபோது நலிந்த கலங்கள், அயலுயிர்களைச் சேர்த்தபின் செழித்தன.

சிசம் அம்மையாருக்கு 2019 இல் குறபூட் பரிசு வழங்கப்பட்டது. 2025 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், பல ஆண்டுகளாகக் கப்பல்களில் இதையொத்த கருவியால் எண்ணிய கணக்குகளை வெளியிட்டனர். நீரின் வெப்பம் 28 பாகை செல்சியசைக் கடந்தால் இக்கலங்கள் பிரிந்து பெருகும் வேகம் குன்றுகின்றது என்பது அவர்கள் கண்டது. இலங்கையைச் சூழ்ந்த கடலின் மேல்நீர் ஆண்டிற் பல மாதங்கள் அந்த எல்லையை ஒட்டியே நிற்கின்றது.