வன்னிக் காட்டின் யானைப் பணிக்கர்

வேட்டைக்குச் செல்பவனுக்குத் துணையாவது உடலின் உரமா, கையிலுள்ள கருவி பாரமின்றி இருத்தலா என்ற கேள்வி மிகப் பழையது. வன்னி நாட்டின் வரலாற்றிலே இதற்கு விடை உண்டு. அவ்விடையைத் தந்தவர்கள் யானைப் பணிக்கர்.

பனங்காமம் முதலிய வன்னிமைகளின் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும், பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளையே திறையாகச் செலுத்தினர். காடு கடந்து ஆனையிறவு வழியாகக் குடாநாட்டை அடைந்த யானைகள், ஊர்காவற்றுறையிலே மரக்கலமேறி இந்தியாவுக்குச் சென்றன. வேண்டப்பட்டது உயிருள்ள, ஊறுபடாத யானை. ஆதலால் அம்பும் துவக்கும் இத்தொழிலுக்கு உதவவில்லை.

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலிலே பணிக்கரை வியந்து எழுதியுள்ளார். அவர்கள் இலங்கையின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்தவர்கள். இருவர் மட்டுமே காட்டுக்குச் செல்வர். மரைத்தோலாலோ எருமைத்தோலாலோ திரித்த ஒரு கயிறே அவர்களுடைய கருவி. அடிச்சுவட்டைக் கண்டே யானையின் பருமனை அறிந்து, ஓசையின்றிப் பின்தொடர்வர். ஒருவர் பின்னே அணுகி அதன் பின்னங்காலிற் சுருக்கை மாட்டுவார். மற்றவர் முன்னே தோன்றிச் சினமூட்டுவார். யானை அவர்மேற் பாயும் வேளையிலே கயிறு அண்மையிலுள்ள மரத்தில் இறுகச் சுற்றப்படும். அதன்பின் அங்கேயே குடில் அமைத்து, தீ மூட்டிக் காவலிருந்து, யானை அடங்கும்வரை தங்குவர்.

பட்டி அமைத்துப் பிடிக்கும் முறை இதற்கு நேர்மாறானது. பருத்த மரங்களை நட்டு வேலி அடைத்து, பெருந்தொகையான ஆட்களைக் கொண்டு யானைக் கூட்டத்தை வாரக்கணக்காக விரட்டிவந்து உள்ளே புகுத்தவேண்டும். அங்கே வேலி செய்த வேலையைப் பணிக்கருடைய காலும் கண்ணும் மூச்சும் செய்தன. சுமை குறைந்த அளவுக்கு உடலின் பொறுப்புப் பெருகியது. சுருக்கு மாட்டும் கை ஒரு கணம் பிந்தினால், உயிர் தப்புவதற்கு ஓட்டமன்றி வேறு வழியில்லை.

1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கில வேட்டைக்காரரும் இவ்வுண்மையை அறிந்திருந்தார். யானை வேட்டைக்கு அவர் வைத்திருந்த துவக்குகளுள் ஒன்று 21 இறாத்தல் நிறையுடையது. ஆனால் மலைக்காட்டில் மரையைத் துரத்தும்போது துவக்கை விடுத்து, வேட்டை நாய்களோடு ஒரு கத்தியை மட்டும் கொண்டு ஓடினார். செங்குத்தான சரிவிலே பாரமான துவக்கு காலுக்குப் பகையாகும். எனினும், துவக்கை விட்டதனால் மட்டும் மரை அகப்பட்டுவிடாது. நாய்களைப் பின்தொடர்ந்து ஓடும் வலிமையும் வேண்டும்.

துவக்கு மலிந்தபோது வன்னிக் காட்டின் நிலை மாறியது. யானைகளைக் கொல்வோருக்கு ஆங்கில அரசாங்கம் தலைக்குச் சில சிலிங் பரிசளித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வன்னியையும் உள்ளடக்கிய அன்றைய வடமாகாணத்தின் ஒரு பகுதியிலே மாத்திரம் 3,500 யானைகள் மடிந்தன என்று ரெனன்ற் குறிக்கின்றார். பணிக்கருடைய கயிறு ஒரு வேளையில் ஒரு யானையையே பிடித்தது. அதையும் உயிரோடு பிடித்தது. துவக்குக்கு அத்தகைய எல்லை இல்லை. யானைக்குச் சட்டத்தின் காவல் பின்னரே வலுப்பெற்றது. 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றுள் முதன்மையானது.

ஆகவே உடலுரமும் எளிய கருவியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பயின்ற உடலுக்கே எளிய கருவி பயன்படும். அத்தகைய உடலும் கருவியும் சேர்ந்த இடத்திலே, காடும் தன் செல்வத்தை முற்றாக இழக்காமல் இருந்தது என்பதே பணிக்கர் வரலாறு காட்டும் உண்மை.