சீனத்துக் கீரை ராஜாவின் கதை

சீனச் சமையல்னு சொன்னதும் பட்டணத்துக்காரர்களுக்கு நினைவு வருவது வெள்ளைத் தண்டுக் கீரையும், நீளவாட்டில் சுருண்ட சீன முட்டைக்கோஸும்தான். இரண்டும் ஒரே இனம். நம்ம கடுகுக்கு நெருங்கின சொந்தம். சீனர்கள் இதைப் 'பாய்சாய்' என்கிறார்கள். வெள்ளைக் கீரை என்று அர்த்தம். இன்றைக்கு அந்த நாட்டில் கீரைகளுக்கு ராஜா இதுதான். ஆனால் இதற்கு முன்னால் அந்த நாற்காலியில் வேறொரு கீரை உட்கார்ந்திருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அந்தக் கீரையின் பெயர் குவெய். வெண்டை, பருத்தி, புளிச்சக்கீரை இதெல்லாம் ஒரே குடும்பம் என்று உங்களுக்குத் தெரியும். குவெயும் அதே குடும்பம்தான். வேக வைத்தால் வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு வரும்.

கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் வட சீனத்தில் ஜியா சிஸ்யே என்று ஓர் அதிகாரி இருந்தார். உழவுத் தொழிலைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் இன்றும் கிடைக்கிறது. கீரை சாகுபடியில் அவர் முதலில் எடுத்துக்கொள்வது குவெயைத்தான். அவர் சொல்லும் முறையைக் கேளுங்கள்.

சந்தை உள்ள ஊருக்குப் பக்கத்தில் நல்ல நிலமாக 30 மூ வேண்டும். நம்ம கணக்கில் சில ஏக்கர். அதில் 10 கிணறு வெட்டி, ஏற்றமும் இராட்டினமும் போடச் சொல்கிறார். பார்த்தீங்களா, அங்கேயும் ஏற்றம்தான்! எரு கிடைக்காதவர்கள் என்ன செய்வது? அவர்கள் கணக்கில் 5, 6-ஆம் மாதங்களில் பச்சைப்பயறை நெருக்கமாக விதைத்து, 7, 8-ஆம் மாதங்களில் அப்படியே மடக்கி உழ வேண்டும். எரு போட்ட நிலத்துக்கு அது குறைவில்லை என்கிறார். நாம் தழையுரம், பசுந்தாள் உரம் என்று பேசுகிறோமே, அதை ஏறக்குறைய 1,500 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்.

பத்தாம் மாதக் கடைசியில், மண் உறையப் போகிற சமயத்தில் விதை தூவ வேண்டும். ஒவ்வொரு தடவை பனி கொட்டியதும் பரம்படிக்க வேண்டும். அப்போதுதான் அந்த ஈரம் காற்றில் போகாமல் நிலத்திலேயே தங்கும். பனியே கொட்டாத வருஷத்தில் கிணற்று நீரை இறைத்துப் பாய்ச்ச வேண்டும். வசந்த காலத்தில் முளை வந்ததும் நெருக்கமான இடத்தில் களைந்து விற்கலாம். அதன்பிறகு தினமும் அறுப்புதான். ஒரு கோடியிலிருந்து அறுத்துக்கொண்டு மறு கோடி போய்ச் சேருவதற்குள், முதலில் அறுத்த இடம் மறுபடி தழைத்திருக்கும். கீரை போடுகிற நம்ம ஆட்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1313-இல் உழவு நூல் எழுதிய வாங் ஜென்னும் கீரைகளில் குவெய்க்குத்தான் முதல் மரியாதை கொடுத்தார்.

அதற்குப் பிறகு காற்று மாறியது. பாய்சாயும் குளிர் தாங்கும். அதன் பழைய பெயரையே, பைன் மரத்தைக் குறிக்கும் எழுத்தின் தலையில் புல்லைச் சேர்த்துத்தான் எழுதினார்கள். குளிர்காலத்திலும் அந்த மரம் போலப் பச்சையாக நிற்கும் என்பதால் அப்படி. உழவர்கள் தலைமுறை தலைமுறையாக நல்ல செடி பார்த்து விதை எடுத்தார்கள். விரிந்து கிடந்த இலை நெருங்கி, கடைசியில் இறுகிய உருண்டையாகவே ஆயிற்று. அந்த உருண்டையை நிலவறையில் அடுக்கினால் குளிர்காலம் முழுக்கக் கெடாது. சாறு வைக்கலாம், வதக்கலாம், ஊறுகாய் போடலாம். குவெய்க்கு வழவழப்பான சாறுதான் பொருத்தம். சந்தையில் எது ஜெயிக்கும்னு நீங்களே சொல்லுங்க.

1596-இல் லீ ஷிஜென் என்ற வைத்தியரின் பெரிய மூலிகை நூல் அச்சாயிற்று. அதில் அவர் குவெயைக் காய்கறிப் பகுதியிலிருந்தே எடுத்து, மருந்துச் செடிகளோடு சேர்த்துவிட்டார். இப்போது இதை யாரும் உண்பதில்லை என்று காரணமும் காட்டினார். பெரிய மேதை சொன்னால் அப்பீல் ஏது? ராஜா செத்துப்போனதாகவே புத்தகக்காரர்கள் முடிவு கட்டினார்கள்.

ஆனால் செத்துப் போகவில்லை. ஊ சிஜுன் என்றொருவர் ஹூனான் முதலிய மாகாணங்களில் ஆளுநராக இருந்தவர். செடிகளைப் பற்றி நேரில் பார்த்து விசாரித்து எழுதியவர். அவருடைய நூல் 1848-இல் வெளியாயிற்று. ஹூனானிலும் ஜியாங்ஷியிலும் ஜனங்கள் குவெயைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அதில் எழுதி, லீ ஷிஜென்னைக் கண்டித்தார். இத்தனைக்கும் லீ ஷிஜென்னின் சொந்த மாகாணமான ஹூபேக்கு இந்த இரண்டும் அடுத்த வீடு மாதிரி. ஒரு பெயரை மாற்றிக்கொண்டு, காய்கறித் தோட்டத்தில் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் ஹூனானிலும் சிச்சுவானிலும் அதைச் சமைக்கிறார்கள். கொரியாவிலும் சாறு வைக்கிறார்கள்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? கீரையை உயர்த்தியதும் உழவர் கைதான், காப்பாற்றியதும் உழவர் கைதான். சந்தை கைவிட்டதும் எல்லோரும் விதையைத் தொலைத்திருந்தால், அந்த வைத்தியர் எழுதினது உண்மையாகியிருக்கும்.

உங்கள் கொல்லையிலும் சந்தைக்குப் போகாத கீரை ஒன்றிரண்டு இருக்கும். கொடிப்பசலையோ, வள்ளைக்கீரையோ, வேலியோரத்து முசுமுசுக்கையோ. விலை போகலையேன்னு பிடுங்கி எறிந்துவிடாதீங்க. ஒரு பாத்தியையாவது பூக்க விட்டு, விதை முற்றியதும் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள். உங்களிடம் தவறிப்போனாலும் அவர்களிடம் இருக்கும்.